டேப்லெட்டுக்குப் பல் பார்த்த கியாசுதீன்

சமயபுரம் ஆட்டுச் சந்தையில் தரகர் கியாசுதீனை ஏமாற்றிய ஆள் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் முதல் ஆள் கியாசுதீன்தான். மற்றவர்கள் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொல்பவர்கள்.

ஆனாலும் அதில் பொய் இல்லை. ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாரென்றால் வயதைச் சொல்லிவிடுவார். வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்கினால் எடை வந்துவிடும். தராசு வேறு கணக்குச் சொன்னால் தராசைச் சரிபார்க்கச் சொல்வார். விலை பேசும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்பவன் கைமேல் போட்டு, அதற்கு அடியில் அவன் விரல்களைப் பிடிப்பார். எந்த விரல், எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் தரகர்களுக்குள் இருக்கும் பேச்சு. சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும்.

அவரிடம் இன்னொரு கொள்கையும் இருந்தது. விடியற்காலையில் சொல்லும் விலை விலையே அல்ல. பொழுது ஏறினால் ஆடு பசியில் கத்தும், விற்க வந்தவனுக்கு வீட்டு ஞாபகம் வரும், திரும்ப ஓட்டிக்கொண்டு போக வண்டி பிடிக்க வேண்டுமே என்ற கவலை வரும். அப்போதுதான் சரியான விலை வாயிலிருந்து விழும். அதுவரைக்கும் கியாசுதீன் ஒரு ஓரமாக டீ குடித்துக்கொண்டு, "வெயில் ஏறட்டும்" என்பார்.

ஆட்டுக்கு இது அருமையான கொள்கை. கியாசுதீன் இதை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார் என்பதுதான் அவர் மனைவி ஷரபுன்னிசாவின் குறை. ஃபிரிட்ஜ் வாங்க வேண்டும் என்று அவள் சொன்னது ஒரு சித்திரை மாதம். கியாசுதீன் வெயில் ஏறட்டும் என்றார். வெயில் நன்றாகவே ஏறியது, பால்தான் திரிந்துகொண்டிருந்தது.

அந்த ஷரபுன்னிசாதான், புதிதாக ஒரு டேப்லெட் வரப்போகிறது என்று ஃபோனில் பார்த்துவிட்டு அவரிடம் ஓடி வந்தாள்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க. பிரியாணித் தட்டு அளவுக்குப் படம் தெரியுதுங்க. இது இருந்தா நம்ம ஷஹனாஸ் தள்ளி நின்னாக்கூட கை முழுசாத் தெரியும்."

ஷஹனாஸ் அவர்களுடைய ஒரே மகள். பிறவியிலேயே காது கேட்காது. அவளைப் போலவே காது கேளாத அப்துல் ஹலீமைக் கட்டிக்கொண்டு சென்னையில் இருக்கிறாள். ஒரு பேக்கரியில் அவளுக்கு வேலை. கைகளால் பேசுகிறவள்; அதிலும் சரியான வாயாடி. ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால் இரண்டு கையும் புருவமும் தோளும் சேர்ந்து சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷரபுன்னிசா ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு மகளோடு பேச உட்காருவாள். உட்காருவாள் என்று சொல்வதும் தப்பு. கிட்டே போனால் ஒருவர் முகம் மட்டும் ஒருவருக்குத் தெரியும், கை படத்துக்கு வெளியே போய்விடும். தள்ளிப் போனால் கை தெரியும், ஆனால் கண்ணாடி போட்டும் விரல் தெரியாது. அதனால் அவள் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய்ப் பேசுவாள். அந்தப் பக்கம் மகளும் அப்படித்தான். மகள் சொல்வதில் பாதி எப்போதும் படத்துக்கு வெளியே விழுந்துவிடும். விஷயம் அந்தப் பாதியில்தான் இருக்கும்.

எழுதி அனுப்பினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஷஹனாஸ் எழுதுவாள், தந்தி கொடுக்கிற மாதிரி. 'நலம். சாப்பிட்டேன். வேலை.' அந்த எழுத்தில் அவள் இருக்கவே மாட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கியாசுதீன் என்ன செய்வார் என்றால், மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய் சாப்பிட்டாயா என்று கேட்பார். அவள் தலையை ஆட்டியதும், பெரிய வேலை ஒன்றை முடித்தவர் போலச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். மகளுடைய கைப்பேச்சில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஷரபுன்னிசா வழியாக வரும், ஷரபுன்னிசா வழியாகப் போகும். சந்தையில் எல்லோருக்கும் தரகராக இருப்பவருக்கு, சொந்த மகளிடம் பேச வீட்டிலேயே ஒரு தரகர் தேவைப்பட்டார். இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

டேப்லெட்டின் விலையைக் கேட்டதும் கியாசுதீன் சிரித்தார்.

"இது விடியக்காலை விலை, ஷரபு. இப்பத்தான் இறக்கியிருக்கான். வெயில் ஏறட்டும்."

மறுநாளிலிருந்து அவர் டேப்லெட் ஆராய்ச்சியில் இறங்கினார். ஃபோனில் அதைப் பற்றிப் பையன்கள் பேசும் வீடியோ ஒன்றையும் விடவில்லை. திரையின் அகலத்தைச் சாணால் அளந்து சொன்னார். நத்தர்ஷா தர்காவுக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் தெரு முனையின் டீக்கடையில், அதன் கேமராவைப் பற்றி ஒரு பிரசங்கமே நடத்தினார். "அகலக் கேமரா தெரியுமா? முன்னாடி உக்காந்தவன் மட்டும் இல்ல, ரூம்ல மூலைல இருக்கிறவனையும் சேத்து எடுத்துரும். ஒருத்தனும் தப்ப முடியாது." அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு அதே தெருவில் பிளாஸ்டிக் கடை வைத்திருக்கும் தாஜுதீன் போய் ஒன்று வாங்கியே விட்டான். அவசரப்பட்டுவிட்டானே என்று கியாசுதீன் அவனுக்காக வருத்தப்பட்டார்.

மாதம் ஒன்று போயிற்று, விலை இறங்கவில்லை. சரி, நேரில் போய் முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் நடக்கும் என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜெயக்குமார் கடைக்குப் போனார். ஜெயக்குமார் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தான். கியாசுதீன் டேப்லெட்டின் அடியில் கையைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்கினார்.

"அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி."

ஜெயக்குமார் பெட்டியில் அச்சிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அசந்துபோனான். "எப்படி பாய்?"

கியாசுதீன் அதற்குள் சார்ஜ் போடும் ஓட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் வாய் என்று ஒன்று இருந்தால் உள்ளே பார்க்காமல் அவரால் வாங்க முடியாது. பிறகு துண்டை எடுத்து ஜெயக்குமாரின் கைமேல் போட்டு, அடியில் அவன் விரல்களைப் பிடித்தார்.

ஜெயக்குமார் பதறிப்போய் மேலே பார்த்தான். "பாய், கையை விடுங்க. கேமரா இருக்கு."

"விலை பேசுறேன்யா."

"ஃபிக்ஸட் ரேட்டுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இன்னைக்குப் பூரா விக்கலைன்னா என்ன பண்ணுவே?"

"நாளைக்கு விப்பேன்."

"நாளைக்கும் போகலைன்னா?"

"இது ஆடு இல்லங்க பாய். தழை கேக்காது, கத்தாது. வேணுங்கிற மட்டும் கம்முனு கிடக்கும்."

கியாசுதீன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பசிக்காத ஆட்டை எப்படி விலை பேசுவது என்பது அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. மனைவியிடம் மட்டும், "பய கொஞ்சம் கிறுக்கா இருக்கான். இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்றார்.

ஷரபுன்னிசா அவரை விடுவதாக இல்லை. அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலிருக்கும் சுபஸ்ரீ அவளுடைய பல வருஷ வாடிக்கை. அந்த அம்மாள் இதே டேப்லெட்டின் பழைய மாடலை வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் பாசுரம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று ஷரபுன்னிசாவுக்குத் தெரியும். தைத்த ஜாக்கெட்டுகளைப் பையில் போட்டுக் கணவரிடம் கொடுத்து, "குடுத்துட்டு, அப்படியே அதையும் ஒரு பார்வை பாத்துட்டு வாங்க" என்று ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

சுபஸ்ரீ அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. டேப்லெட் மேஜைமேல் ஒரு தாங்கியில் நின்றுகொண்டிருந்தது.

"ஷரபு சொன்னா, நீங்க பார்க்க வரேள்னு. யோசிக்காம வாங்கிடுங்கோ பாய். மின்னாடி ஃபோன்ல சொல்லிக்குடுத்தப்போ எல்லாக் குழந்தையும் வாய்விட்டுப் பாசுரம் சேவிக்கறாப்லதான் இருந்தது. பெருமாளே, என்ன பக்தின்னு நெனைச்சுண்டேன். இது வந்தப்புறம்னா தெரிஞ்சது, பாதிப்பேர் சும்மா உதட்டை அசைச்சுண்டிருக்கா. ஒண்ணு கையைக் கீழே வச்சுண்டு ஏதோ விளையாடிண்டிருக்கு." அவள் சிரித்தாள். "இத்தனை பெரிசாத் தெரியறச்சே யாராலயும் ஒளிஞ்சுக்க முடியாது, பாருங்கோ."

கியாசுதீன் காபியை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். சந்தையில் அவர் பிறருடைய ஆட்டில் ஒளிந்திருக்கும் நோயைக் கண்டுபிடிப்பவர். இந்த அம்மாள் அவரைத் தொடாமலேயே அவர் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றது. அவருக்கு வேண்டாத ஒரு ஞாபகம் வந்தது. ஷஹனாஸுக்கு ஆறேழு வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை அவளைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். துறையூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவரோடு துண்டுக்கு அடியில் பேசிக்கொண்டிருந்தார். விலை படிகிற நேரம். குழந்தை வந்து துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவர்களும் தன்னைப் போலக் கையால் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது அவளுக்கு. அப்புறம் எதற்கு மூடிக்கொண்டு? துண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து வெடுக்கென்று உருவிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். இருவர் விரலும் நடுச்சந்தையில் அம்பலத்துக்கு வந்தன. சந்தையே சிரித்தது. பேரம் முறிந்தது. கியாசுதீன் அவளை அடிக்கவில்லை, ஆனால் அப்படி ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளைச் சந்தைக்குக் கூட்டிப்போனதே இல்லை. அதோடு நிற்கவும் இல்லை. தாயும் மகளும் தெருவில் கையால் பேசிக்கொண்டு போனால், "நாலு பேர் பாக்குற இடத்துல கையை ஆட்டாதீங்க" என்று அதட்டுவார். கையால் பேசுவது துண்டுக்கு அடியில் நடக்க வேண்டிய காரியம் என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஊர்க் கண்ணுக்கு முன்னால் கையை விரிக்க அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் கற்றுக்கொள்ளாமலே இருந்துவிட்டார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

ஃபோன் சின்னதாக இருந்தவரை எல்லாம் அதன் தலையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு முகத்துக்குத்தானே இடம் இருக்கிறது, அம்மா பேசட்டும் என்று செருப்பை மாட்டிக்கொள்ளலாம். பெரிய டேப்லெட் வந்துவிட்டால்?

வீட்டுக்கு வந்ததும், "அந்த மாடலே சரியில்ல ஷரபு. அடுத்தது இன்னும் நல்லா வருமாம்" என்றார்.

ஷரபுன்னிசா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாடல் சரியில்லையா, இல்ல நீங்க சரியில்லையா?"

அவர் கேட்காதவர் போலக் கை கழுவப் போனார்.

அதற்கு அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஷஹனாஸ் சரியாகப் பேசவில்லை. சீக்கிரமே முடித்துக்கொண்டாள். வலது கை ஒன்றைத்தான் அசைத்தாள். ஒற்றைக் கையால் பேசுவது அவளுக்குப் பழக்கமில்லை. "ஏங்க, நம்ம மேல ஏதோ கோபமா இருக்கா. வேண்டாவெறுப்பா பேசுறா" என்று ஷரபுன்னிசா கலங்கினாள். மகளுக்கு என்ன குறை வைத்தோம் என்று ரம்ஜானுக்கு எடுத்துக்கொடுத்த துணிவரைக்கும் யோசித்துப் பார்த்தாள். கியாசுதீன், எல்லாம் சரியாகிவிடும், கொஞ்சம் பொறு என்றார். பொறுத்திருப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

புதன்கிழமை அப்துல் ஹலீம் ஒரு போட்டோ அனுப்பினார். கூட வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணத்தில் இருவரும் நிற்கிறார்கள். ஷஹனாஸின் இடது கை மணிக்கட்டிலிருந்து விரல்வரை வெள்ளைக் கட்டுப் போட்டிருந்தது. ஷரபுன்னிசா பதறிக் கேட்டதற்கு மகளிடமிருந்து எழுத்து வந்தது. எப்போதும்போலத் தந்திதான். 'பேக்கரி. சூடான தட்டு. இப்போ பரவாயில்லை. சொன்னால் பயப்படுவீங்க. நீங்களா பார்ப்பீங்கன்னு நினைச்சேன்.'

ஷரபுன்னிசா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. ஃபோனை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

உச்சிவெயில். ஜெயக்குமார் கடையில் கூட்டமே இல்லை. பேரத்துக்கு இதைவிட நல்ல வேளை கிடையாது.

"எடுத்துக் குடுப்பா" என்றார் கியாசுதீன்.

"பாய், இன்னைக்கு வேணும்னா ஒரு கவர் ஃப்ரீயா…"

"சீக்கிரம் குடு."

அவர் தூக்கிப் பார்க்கவில்லை, ஓட்டைக்குள் பார்க்கவில்லை. சொன்ன விலையைக் கொடுத்தார். கியாசுதீன் பாய் சொன்ன விலைக்கு ஒரு சாமான் வாங்கினார் என்ற செய்தி அவருக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. டீக்கடையில் யாரும் நம்பவில்லை. தாஜுதீன் மட்டும், விஷயம் இருக்கும், இல்லாமல் பாய் செய்ய மாட்டார் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷரபுன்னிசா டேப்லெட்டைப் பழக்க தோஷத்தில் சர்க்கரை டப்பாவிலேயே சாய்த்துவைத்தாள். ஷஹனாஸ் தன் ஃபோனைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தும் தலையிலிருந்து இடுப்புவரை தெளிவாகத் தெரிந்தாள், நேரில் வந்து உட்கார்ந்த மாதிரி. ஷரபுன்னிசா அந்தக் கட்டைத் தொடப் போனாள். விரல் பட்டதும் படம் மறைந்து வேறு ஏதோ வந்தது. பதறி மறுபடி வரவழைத்தாள். அப்புறம் இருவரும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். கட்டுப்போட்ட கையையும் சேர்த்துக்கொண்டு ஷஹனாஸ் பேக்கரி அடுப்பை, சூப்பர்வைசரின் நடையை, மருந்து வைத்துக் கட்டியவரின் முகம் போன போக்கை எல்லாம் காட்டினாள். ஷரபுன்னிசா இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. சிரித்துச் சிரித்து அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததைக் கியாசுதீன் பார்த்தார்.

அவர் அறையின் மூலையில் நாற்காலியில், படத்துக்கு வெளியே பத்திரமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதக்கணக்கில் தெருவுக்கே விளக்கிச் சொன்ன அகலக் கேமராவை அந்த நேரம் பார்த்து மறந்துபோனார்.

ஷஹனாஸின் கை நின்றது. அம்மாவின் தோளைத் தாண்டி மூலையைப் பார்த்தாள். அவரைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டாள்.

"உங்களைத்தான்" என்றாள் ஷரபுன்னிசா.

"என்ன கேக்குறா?"

"உங்க மக உங்களைக் கேக்குறா. நீங்களே என்னன்னு கேளுங்க." அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கியாசுதீன் வந்து டேப்லெட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சாப்பிட்டாயா என்று கேட்டார். ஷஹனாஸ் தலையை ஆட்டினாள். அதோடு அவருடைய பேச்சு தீர்ந்தது. மகள் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு வாசலில் இருந்தது. அவருடைய கைகள் தாமாகவே தோளிலிருந்த துண்டை இழுத்து, மடியில் வைத்துத் தங்களை மூடிக்கொண்டன. துண்டுக்கு அடியில் ஒரு கை மறு கையின் விரல்களைப் பிடித்துப் பிசைந்தது.

மடிவரை அவளுக்குத் தெரிந்தது. துண்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. முன்னால் குனிந்து, வலது கையின் இரண்டு விரலைக் குவித்து எதன் நுனியையோ பிடித்தாள். வெடுக்கென்று உருவினாள்.

அதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கியாசுதீனுக்கு அழுகை வந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைச் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தார். வெறுங்கையை அவளுக்கு முன்னால் கொண்டுவந்து, அவளுடைய கட்டைக் காட்டி, வலிக்கிறதா என்று கேட்க என்ன செய்வதென்று தெரியாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

ஷஹனாஸ் பதில் சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. அவள் மறுபடியும், இன்னும் மெதுவாக, ஒவ்வொரு விரலாகச் செய்துகாட்டினாள். அவர் அதைப் பார்த்துத் தானும் கையைத் தூக்கி அதேபோலச் செய்தார். அவள் இல்லை என்று தலையை ஆட்டிச் சிரித்தாள். கட்டுப்போட்ட கையை நீட்டி, அந்தப் பக்கத்திலிருந்தே அவருடைய கட்டைவிரலை நிமிர்த்தப் பார்த்தாள்.

கியாசுதீன் விரலை நிமிர்த்தினார்.